வெந்நீருக்கும் வீட்டு வரைபடத்தில் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புது வீட்டுக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வாட்டர் ஹீட்டர் வாங்குவது பற்றி உங்கள் நாளிதழின் வீட்டுப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை லிட்டர், எத்தனை நட்சத்திரம், எந்த வகை என்பதெல்லாம் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஹீட்டரை எங்கே வைப்பது, அங்கிருந்து டேப் வரைக்கும் குழாய் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுவதுதான் என் தொழில். வெந்நீருக்காக ஒரு குடும்பம் வருடக்கணக்கில் கட்டப்போகும் மின்கட்டணத்தில் பெரும்பகுதி, கடையில் ஹீட்டரைத் தேர்ந்தெடுக்கும் முன்பே, வரைபடத்தில் முடிவாகிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வழக்கமாக நடப்பது இதுதான். பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, பெயின்ட்டும் அடித்தாகிவிடும். அப்புறம்தான் வீட்டுக்காரர் கூப்பிட்டு, "எந்த ஹீட்டர் வாங்கினால் கரன்ட் குறைவாக ஆகும்?" என்று கேட்பார். அந்த நேரத்தில் அவருக்கு மிச்சமிருப்பது குளியலறைச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய் நுனிகளும் ஒரு பிளக் பாயின்ட்டும்தான். சூரிய ஹீட்டர் வைக்க மாடியிலிருந்து குழாய் இறங்கவில்லை. ஹீட் பம்ப் (காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) வைக்கக் காற்றோட்டமான இடம் விடவில்லை. ஆக, சுவரில் மாட்டும் சிறிய மின்தொட்டிதான் கதி. அதில் எந்தக் கம்பெனி நல்லது என்று அவர் நாள்கணக்கில் விசாரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்படும்.

எந்த ஹீட்டர் கணக்குக்கும் நான் கையில் வைத்திருக்கும் எண் ஒன்று உண்டு: 860. ஒரு யூனிட் மின்சாரம் முழுவதும் வெப்பமானால் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும். 86 லிட்டரைப் பத்து டிகிரி சூடாக்கும். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய மூன்றரை யூனிட். காயில் (மின்சாரத்தில் சூடாகும் கம்பிச் சுருள்) வைத்த ஹீட்டர் எதுவாக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்தாலும், இதற்குக் குறைவாக ஆகவே ஆகாது. காயிலுக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் மாறுகிறது. அங்கே மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. சூடாக்கிய வெப்பம் அப்புறம் எவ்வளவு வீணாகிறது என்பதில்தான் ஒரு தொட்டிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். தொட்டி ஹீட்டரின் நட்சத்திரக் குறி பொதுவாகச் சொல்வதும் அதைத்தான்: யாரும் தண்ணீர் எடுக்காமல் 24 மணி நேரம் சூடாகவே வைத்திருந்தால், தொட்டியின் உடம்பு வழியாக எத்தனை யூனிட் போகிறது என்ற கணக்கு. நல்ல காப்பு உள்ள 25 லிட்டர் தொட்டியில் அது ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவு.

இப்போது குழாயைப் பார்ப்போம். முக்கால் அங்குலக் குழாய் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய கால் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஹீட்டரிலிருந்து சமையலறை டேப் 15 மீட்டர் தள்ளி இருந்தால் 3.75 லிட்டர் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. ஒருவர் எண்ணெய்ப் பிசுக்கான ஒரு பாத்திரத்தைக் கழுவ வெந்நீர்ப் பக்கம் திறக்கிறார். ஆறிய தண்ணீர் முழுவதும் ஓடி முடிந்த பிறகு சூடு வருகிறது. அரை நிமிடத்தில் வேலை முடிந்து டேப்பை மூடிவிடுகிறார். ஹீட்டரிலிருந்து புறப்பட்ட 3.75 லிட்டர் வெந்நீர் சுவருக்குள் நின்று ஆறிப்போகிறது. 30 டிகிரி சூடேற்றிய தண்ணீர் என்றால், ஒவ்வொரு முறையும் 0.13 யூனிட் போயிற்று. நாளைக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டால் 1.3 யூனிட், கூடவே 37 லிட்டர் தண்ணீர் சாக்கடைக்கு. நட்சத்திரம் பார்த்து வாங்கிய தொட்டி ஒரு நாள் முழுக்க இழப்பதைவிட இந்தக் குழாய் இழப்பது அதிகம். இந்த இழப்பைக் காட்ட எந்த ஹீட்டரிலும் ஒரு குறியும் கிடையாது.

ஒரு வீட்டில் இதை நேரிலேயே பார்த்தேன். சமையலறை வீட்டின் முன்மூலையில். சூரிய ஹீட்டர் பின்பக்க மாடியில், காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் பின்னால் கொண்டுவந்து வைத்தது. குழாய் மாடித் தளத்தின் மேலேயே வெறும் உடம்போடு குறுக்கே ஓடி, சுவரோரமாக இறங்கி வருகிறது. வீட்டுக்கார அம்மா காலையில் டேப்பைத் திறந்துவிட்டு, ஒரு விரலை நீருக்குள் நீட்டுவார், இழுப்பார், மறுபடி நீட்டுவார். ஓடுகிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று கீழே ஒரு பாத்திரம். அது நிரம்பினால் அடுத்தது. சூடு வருவதற்குள் மேடை முழுக்கப் பச்சைத்தண்ணீர்ப் பாத்திரங்கள் வரிசையாக நிற்கும். மாடியில் இருந்ததோ நல்ல ஹீட்டர்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கடைசியில் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் ஒரு சின்ன உடனடி ஹீட்டரைத் தனியாகப் பொருத்தினோம். அதற்குப் பிளக் பாயின்ட் இழுக்க டைல்ஸை உடைக்க வேண்டியிருந்தது.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். குளியலறையும் சமையலறையும் ஒரே சுவரின் இரு பக்கமாக அமைந்தால் நடுவில் ஒரே ஹீட்டர் இரண்டுக்கும் போதும். மாடிக் குளியலறை கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வந்தால் குழாய் நேராக இறங்கிவிடும். இடவசதி அப்படி அமையவில்லையென்றால், தூரத்தில் இருக்கும் டேப்புக்குத் தனியாக ஒரு சிறிய ஹீட்டர் வைப்பது, பெரிய ஹீட்டரிலிருந்து நீளமாகக் குழாய் இழுப்பதைவிட மேல். அப்புறம் குழாயின் அளவு. அழுத்தம் குறைந்துவிடும் என்று பயந்து எல்லா இடத்துக்கும் முக்கால் அங்குலமே போடுவது எங்கள் தொழிலில் பழக்கமாகிவிட்டது. வாஷ்பேசினுக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் தனியாகப் போகும் கிளைக்கு அரை அங்குலம் தாராளமாகப் போதும். அதற்குள் நிற்கும் தண்ணீர் பாதிதான். வெந்நீர்க் குழாய்க்கு நுரை உறை போடச் சொல்லுங்கள். சுவரில் வெட்டும் காடி அந்த உறையோடு சேர்த்துக் குழாய் உள்ளே போகும் அகலத்தில் இருக்க வேண்டும் என்பதால், பூசுவதற்கு முன்பே இதைச் சொல்லியாக வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரை உறை காப்பாற்றாது. ஆனால் ஒருவர் குளித்த அரை மணி நேரத்தில் அடுத்தவர் குளித்தால் அந்தச் சூடு குழாயிலேயே இருக்கும்.

ஹீட்டர் வகைகளுக்கு வருகிறேன். வெயில் விழும் கூரை சொந்தமாக இருக்கிற எவரும் முதலில் சூரிய ஹீட்டரைத்தான் யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி இதில் ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1891-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் காப்புரிமை வாங்கிய சூரிய ஹீட்டரில் தொட்டிகளே கண்ணாடி மூடிய பெட்டிக்குள் இருந்தன. பகலெல்லாம் சூடாகும், ராத்திரியில் ஆறிவிடும். 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் வெயில் வாங்கும் பகுதியை மட்டும் கூரையில் விட்டுவிட்டு, தொட்டியைப் பிரித்து, காப்புப் போட்டு வீட்டுக்குள் வைத்தார். மறுநாள் காலையிலும் வெந்நீர் கிடைத்தது.

இன்றும் சூரிய ஹீட்டரின் பலன் பாதிக்கு மேல் இடத்தைப் பொறுத்ததுதான். பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ள இடங்களில் வெயில் வாங்கும் தகடு தெற்கைப் பார்க்க வேண்டும், தெற்கே உள்ள இடங்களில் வடக்கை. சாய்வு, அந்த இடத்தின் அட்சரேகை அளவையொட்டி இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவர், மேல்நிலைத் தொட்டி, பக்கத்து மரம் இவற்றின் நிழல் அதன்மேல் விழக் கூடாது. பம்ப் இல்லாத சாதாரண வகையில் சூடான தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறும், குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். அதனால் ஹீட்டரின் தொட்டி தகட்டுக்கு மேலேயும், அதற்குத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியின் அடிப்பாகம் அதையும்விட உயரத்திலும் இருக்க வேண்டும். மேல்நிலைத் தொட்டியைத் தாழ்வாகக் கட்டிவிட்டு அப்புறம் சூரிய ஹீட்டர் கேட்பவர்களுக்கு ஒன்றும் செய்ய முடிவதில்லை. 200 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. எனவே தளத்துக்குக் கம்பி கட்டும்போதே பொறியாளருக்குத் தெரிய வேண்டும். உப்பு அதிகமான தண்ணீர் என்றால் அது கண்ணாடிக் குழாய்களுக்குள் நேரடியாக ஓடும் வகை வேண்டாம். வெப்பப் பரிமாற்றி (இரண்டு நீரையும் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் பகுதி) உள்ள வகையைக் கேளுங்கள்.

மேகமூட்டமான நாளுக்கென்று சூரிய ஹீட்டரின் தொட்டியில் ஒரு காயிலும் இருக்கும். அதை எப்போதும் ஆனிலேயே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். முன்னிரவிலேயே காயில் தொட்டி முழுவதையும் சூடாக்கிவிட்டால், மறுநாள் வெயிலுக்குச் சூடாக்கத் தண்ணீர் எங்கே இருக்கிறது? அந்தக் காயிலின் சுவிட்சை மாடியில் வைக்காமல், கைக்கெட்டும் இடத்தில், ஒரு டைமரோடு வைத்து, தேவைப்படும் நாளில் குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மட்டும் ஓடவிட வேண்டும்.

கூரை இல்லாதவர்களுக்கு, அல்லது வெயில் போதாத இடங்களில், அடுத்தது ஹீட் பம்ப். 860 கணக்கைத் தாண்டுகிற மின்சார ஹீட்டர் இது ஒன்றுதான். ஃப்ரிட்ஜ் உள்ளேயிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிற மாதிரி, இது காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை முதல் மூன்றரை யூனிட் வெப்பம் கிடைக்கும். முன்னே சொன்ன 100 லிட்டருக்கு மூன்றரை யூனிட் ஆன இடத்தில் ஒரு யூனிட்டோ கொஞ்சம் கூடுதலாகவோ போதும். காற்று குளிரக் குளிர இந்தப் பலன் குறையும் என்பது உண்மை. ஆனால் இதையும் கடைசி நேரத்தில் கொண்டுவந்து மாட்ட முடியாது. மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் வெளியே விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்து, பலனை இழந்துவிடும். வீட்டுக்குள் வைக்கும் வகைகளில் 20 கன மீட்டர் காற்று உள்ள இடம் கேட்பவை உண்டு. ஈரம் சொட்டுவதால் வடிகால் வேண்டும். ஓடும்போது சத்தம் உண்டு, படுக்கையறைச் சுவரில் வைக்கக் கூடாது. மெதுவாகத்தான் சூடாக்கும் என்பதால் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். துணி துவைக்கும் இடம் காற்றோட்டமாக அமைந்தால் அதுதான் இதற்கு நல்ல இடம்.

உடனடி ஹீட்டர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று பலர் நம்புகிறார்கள். தொட்டியில் நிற்கும்போது ஆகும் இழப்பு இதில் இல்லை, அவ்வளவுதான். ஒரு லிட்டரைச் சூடாக்க ஆகும் மின்சாரம் அதேதான். 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடாக்கினால் நிமிடத்துக்கு 2 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் தரும். கை கழுவவும் பாத்திரம் கழுவவும் அது போதும். நிமிடத்துக்கு 8, 9 லிட்டர் கொட்டும் ஷவருக்கு அதே சூட்டைக் கொடுக்க 11, 12 கிலோவாட் வேண்டும். அதற்கு வயரிங் ஆரம்பத்திலேயே தடிமனாகப் போட்டிருக்க வேண்டும். ஷவரையே நிமிடத்துக்கு 6 லிட்டர் வகையாக மாற்றிவிட்டால் எந்த ஹீட்டர் வைத்தாலும் செலவு குறையும். வீட்டுக்காரர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேஸ் ஹீட்டர் வைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: புகையை வெளியே கொண்டுபோகும் குழாய் இல்லாத எதையும் குளியலறைக்குள் வைக்காதீர்கள். அந்தப் புகையில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவைச் சாத்திக் குளிக்கப் போனவர் மயங்கி விழுந்து, வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாமலே உயிர் போய்விடும். இதற்கும் இடத்தை வெளிச்சுவரில், திறந்த காற்றில், வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.

சிக்கனம் என்று நினைத்து தொட்டியை 40 டிகிரியில் வைப்பதைப் பற்றியும் எழுதியாக வேண்டும். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களிடையே நுரையீரல் தொற்று பரவிப் பலர் இறந்தார்கள். அதற்குக் காரணமான லீஜியோனெல்லா என்ற கிருமி மறு ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய தண்ணீரில் அது பெருகும். தொட்டி 60 டிகிரியில் இருப்பதுதான் பாதுகாப்பு. அதே சமயம் 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், வெளியே வரும்போது குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைத்துக் கொடுக்கும் வால்வைப் போட்டே ஆக வேண்டும். அதற்கும் சுவரில் இடம் வேண்டும். 60 டிகிரித் தண்ணீர் 17 லிட்டரோடு 25 டிகிரித் தண்ணீர் 23 லிட்டர் கலந்தால் 40 டிகிரியில் 40 லிட்டர் கிடைக்கும். ஒருவர் ஐந்து நிமிடம் ஷவரில் குளிக்க அது போதும். எத்தனை பேர் அடுத்தடுத்துக் குளிப்பார்கள் என்று எண்ணித் தொட்டியின் அளவைத் தீர்மானியுங்கள். விருந்தாளிகள் வரும் நாளை நினைத்துப் பெரிய தொட்டி வாங்கினால், அவர்கள் இல்லாத நாளெல்லாம் அந்த அதிகத் தண்ணீரையும் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடைசியாகப் பராமரிப்பு. தொட்டிக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கிறது. தொட்டியின் இரும்பு அரிக்காமல் இருக்கத் தான் கரைந்துகொடுப்பதே அதன் வேலை. அது தீர்ந்த பிறகுதான் தொட்டி ஓட்டையாகிறது. ஓரிரு வருடத்துக்கு ஒரு முறை கழற்றிப் பார்த்து மாற்றினால் தொட்டி நீண்ட காலம் உழைக்கும். ஆனால் பொய்க்கூரைக்குள் ஹீட்டரைத் திணித்துவிட்டு, அந்தக் கம்பியை உருவ ஒரு சாண் இடம்கூட விடாத வீடுகளில் நான் என்ன செய்ய முடியும்? காயிலில் உப்புப் படிந்தாலும் அங்கே கழற்ற வழியில்லை. அதே மாதிரி, தண்ணீர் 25-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது 100 லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் விரியும். பாதுகாப்பு வால்வு அதைத்தான் சொட்டுச் சொட்டாக வெளியே விடுகிறது. ஒழுகுகிறது என்று நினைத்து அதன் வாயை அடைத்து வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்து நடுங்கியிருக்கிறேன். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற வழியில்லாமல் தொட்டியே வெடிக்கலாம். அந்தச் சொட்டுத் தண்ணீர் வடிகாலுக்குப் போக ஒரு சிறு குழாயை முதலிலேயே விட்டிருந்தால் யாருக்கும் அதை அடைக்கத் தோன்றாது.

இந்த ஆண்டே சூரிய ஹீட்டரோ ஹீட் பம்போ வாங்கப் பணம் இல்லை என்றாலும் பரவாயில்லை. மாடியிலிருந்து குளிர்நீருக்கும் வெந்நீருக்கும் இரண்டு குழாய்களை இறக்கி, நுனியை மூடி வைத்துவிடுங்கள். துவைக்கும் இடத்தில் ஒரு வடிகாலும் ஒரு பவர் பாயின்ட்டும் விட்டுவையுங்கள். வீடு கட்டும்போது இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, குடிபோன பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பகுதியில் வெளியாகும் வீட்டு வரைபடங்களில் கட்டில், சோபா எங்கே போட வேண்டும் என்பதுவரை குறித்திருக்கிறது. இனிமேல் அவற்றில் ஹீட்டர் இருக்கும் இடத்தையும், அங்கிருந்து ஒவ்வொரு டேப்புக்கும் வெந்நீர்க் குழாய் போகும் வழியையும் ஒரு சிவப்புக் கோட்டில் காட்டி, அதன் நீளத்தை மீட்டரில் எழுதி வெளியிடுங்கள். வரைபடத்தை வெட்டியெடுத்துக்கொண்டு எங்களிடம் வருகிறவர்கள் அதைப் பார்த்தே கேள்வி கேட்பார்கள்.

இப்படிக்கு,
குழாய் வேலை செய்யும் உங்கள் வாசகர்